ஒரு போத்தலைச் சோதித்தால் போதுமா?

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீட்டில் செய்த உணவுகளைப் போத்தலில் அடைத்து விற்கும் பெண்களின் சிறு குழுக்களோடு எனக்கு நெடுநாளையப் பழக்கம் உண்டு. மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால், தேசிக்காய் ஊறுகாயோ, மாங்காய்ச் சட்னியோ, எண்ணெயில் பொரித்த இறாலோ, கருவாட்டுச் சம்பலோ எதைப் புதிதாகச் செய்தாலும் அதில் ஒன்றை எடுத்துவந்து, “பொட்டுலிசம் கிருமி இருக்கிறதா என்று எங்கே சோதிக்கலாம்?” என்று கேட்கிறார்கள். பொட்டுலிசம் என்பது உணவில் ஒரு பற்றீரியா சுரக்கும் நஞ்சால் தசைகள் தளர்ந்துபோகும் நோய். வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரி ஒருவரோ, அங்கே வாழும் உறவினரோ அந்தப் பெயரை அவர்களின் காதில் போட்டிருப்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு ஆய்வுகூடத்தால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பது தெளிவாகாத வரையில், கையில் கிடைக்கும் அறிக்கை பாதுகாப்பைத் தராமல் வெறும் துணிச்சலை மட்டும் தந்துவிடும் என்று அஞ்சுகிறேன். அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கேட்பவருக்கு அது ஒரே கேள்வி; ஆய்வுகூடத்துக்கு அப்படியல்ல. அந்தப் பற்றீரியாவின் வித்திகள், அதாவது அது உறங்கிக் கிடக்கும் வடிவங்கள், இந்த உணவில் உள்ளனவா என்று கேட்கலாம். வித்திகள் இருந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குவதற்கு இந்தப் போத்தலுக்குள் இடம் இருக்கிறதா என்று கேட்கலாம். நஞ்சு ஏற்கெனவே உண்டாகிவிட்டதா என்றும் கேட்கலாம். வித்தியைத் தேடுவதற்கு வளர்ப்புச் சோதனையும் மரபணுச் சோதனையும் உண்டு. நஞ்சைத் தேடுவதற்கு வேறு சோதனைகள் உண்டு. இடையிலுள்ள கேள்விக்கோ புளிப்பை அளக்கும் பி.எச். மானியும் தராசும் வெப்பமானியும் போதும். விற்பனைக்காகச் சமைக்கும் ஒருவருக்கு அந்த இடைக்கேள்வியின் விடைதான் எல்லாவற்றையும்விட அவசியமானது. அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

குளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் மண்ணில் வாழும் பற்றீரியா. ஒட்சிசன் உள்ள இடத்தில் அது வளராது. வளர முடியாத காலத்தை வித்தியாக மாறிக் கடத்திவிடும். அந்த வித்தி வெயிலையும் வறட்சியையும் கொதிநீரையும் தாங்கும். மரக்கறியின் வேரோடும், மிளகாய்க் காம்பின் புழுதியோடும், மீனின் குடலோடும் அது நம் குசினிக்குள் வந்துகொண்டே இருக்கிறது. வித்தியை விழுங்கும் வளர்ந்த மனிதருக்குப் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை. காற்றுப் புகாத இடம், போதிய ஈரம், குறைந்த புளிப்பு, குறைந்த உப்பு, நமது ஊரின் சாதாரண வெப்பம் ஆகிய யாவும் ஒரே போத்தலில் கூடும்போதுதான் அது விழித்து நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சின் வலிமை சொல்லி மாளாதது: 70 கிலோ நிறையுள்ள ஒருவரின் உயிரைப் பறிக்க வாய்வழியாக ஏறத்தாழ 70 மைக்ரோகிராம் போதும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

ஆகவே, மட்டக்களப்பு வாவியின் சேற்றில் இந்த வித்தியைத் தேடிக் கண்டுபிடித்தால் யாரும் திடுக்கிட வேண்டியதில்லை. கல்லடிப் பாலத்துக்கு அண்மையில் கரையோரச் சேற்றைக் கையால் கிளறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே விரல் பருமனுக்குப் பழுப்பு நிறப் படை, அதன் கீழே கன்னங்கரேலென்ற சேறு, கூடவே அழுகிய முட்டையின் மணம். அது ஐதரசன் சல்பைட்டின் மணம். அங்கே ஒட்சிசன் இல்லை என்பதற்கு மூக்கு தரும் சாட்சி. சுற்றாடலைச் சோதிப்பவர் அந்தக் கருஞ்சேற்றையே எடுக்க வேண்டும். கிருமிநீக்கிய போத்தலில் காற்றுக்கு இடம் விடாமல் விளிம்புவரை நிரப்பி, குளிரில் வைத்து, தாமதமின்றி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அதன் ஒரு பகுதியை 80 பாகை செல்சியஸில் 10 நிமிடங்கள் சூடாக்குவார்கள். சாதாரணப் பற்றீரியாக்கள் மடிய, வித்திகள் எஞ்சும். சூட்டைத் தாங்காத வித்திகளைக் கொண்ட இனங்களும் இருப்பதால், இன்னொரு பகுதியைச் சூடாக்காமல் மதுசாரம் கலந்து வைப்பதும் உண்டு. பிறகு சேற்றைப் பல மடங்கு ஐதாக்கி, ஒவ்வொரு ஐதாக்கலையும் பல குழாய்களில் வளர்த்து, எத்தனை குழாய்களில் நஞ்சு தோன்றியது என்பதைக் கொண்டு ஒரு கிராம் சேற்றில் எத்தனை வித்திகள் இருந்திருக்கக்கூடும் என்று கணக்கிடுவார்கள்.

இத்தகைய கணக்கு ஒரு நீர்நிலையில் எந்த வகை மிகுந்துள்ளது என்பதைக் காட்டும். ஏ முதல் ஜி வரையிலான நஞ்சு வகைகளுள் மனிதரைப் பெரும்பாலும் தாக்குபவை ஏ, பி, ஈ ஆகியவை, அரிதாக எஃப். ஈ வகை வடதிசைக் குளிர்க் கடல்களோடும் ஏரிகளோடும் நெருங்கியது. சி வகை நீர்ப்பறவைகளைக் கொல்லும். செத்த பறவையின் உடலில் நஞ்சு ஊற, அதை மொய்க்கும் புழுக்கள் அந்த நஞ்சைச் சுமக்க, அவற்றைத் தின்னும் அடுத்த பறவையும் விழும். நீர்நிலையொன்றில் கழுத்தைத் தூக்க முடியாமல் பறவைகள் கூட்டமாகச் சாய்ந்து கிடந்தால், உயிரோடிருக்கும் பறவையின் இரத்தம் சோதனைக்கும், செத்தவற்றின் உடல்கள் எரிப்பதற்கும் உடனே எடுக்கப்பட வேண்டும். அதற்குமேல் சேற்றுச் சோதனை நமது குசினிக்குச் சொல்லக்கூடிய செய்தி ஒன்றுதான்: வாவியில் பிடித்த மீனின் குடலில் வித்தி இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

உணவில் நஞ்சைத் தேடும் முறைக்கு நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. 1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எலெசெல் என்ற கிராமத்தில், மரண வீட்டில் வாசித்த இசைக்குழுவினர் உப்புநீரில் ஊறவைத்த பன்றித் தொடை இறைச்சியைப் பச்சையாக உண்டனர். நோயுற்றவர்களுள் மூவர் இறந்தனர். பற்றீரியா ஆய்வாளர் எமில் வான் எர்மெங்கம் அந்த இறைச்சியிலிருந்தும் இறந்த ஒருவரின் மண்ணீரலிலிருந்தும் இந்தப் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். இறைச்சியின் சாற்றை விலங்குகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் அதே வாதம் வந்ததைக் கண்டார். போதிய அளவு உப்பு இருந்தால் நஞ்சு உண்டாவதில்லை என்பதையும், சூடாக்கினால் நஞ்சு அழிந்துவிடும் என்பதையும் அப்போதே எழுதிவைத்தார். இன்று நாம் சொல்பவற்றின் எலும்புக்கூடு முழுவதும் அந்த ஒரு விசாரணையில் இருக்கிறது.

எலிச் சோதனை அவருடைய வழியிலேயே இன்றும் நடக்கிறது. சந்தேகத்துக்குரிய உணவை ஜெலற்றின் சேர்த்த பொசுபேற்றுக் கரைசலில் அரைத்து, குளிர்ந்த மையநீக்கியில் சுழற்றி, மேலே தெளியும் நீரை மூன்றாகப் பிரிப்பார்கள். ஒரு பங்கை அப்படியே வைப்பார்கள். இன்னொன்றில் ட்ரிப்சின் என்ற நொதியத்தைச் சேர்ப்பார்கள். ஈ வகை நஞ்சு அந்த நொதியம் பட்ட பின்னரே முழு வலிமை பெறும். எஞ்சியதை 100 பாகையில் 10 நிமிடங்கள் சூடாக்குவார்கள். ஒவ்வொரு பங்கிலும் அரை மில்லிலீற்றரை எலியின் வயிற்றறைக்குள் ஏற்றி, சில நாட்கள் கவனிப்பார்கள். நஞ்சு இருந்தால் எலியின் மயிர் சிலிர்க்கும்; மூச்சு கனக்கும்; உதரவிதானம் தளர்வதால் இடுப்பு உள்ளிழுத்து ஒடுங்கும்; பிறகு அது இறக்கும். சூடாக்கிய பங்கைப் பெற்ற எலிகள் நலமாக இருக்க வேண்டும். அவையும் இறந்தால், காரணம் வேறு ஏதோ ஒன்று. பின்னர் ஏ, பி, ஈ, எஃப் வகைகளுக்கான முறிமருந்துகளைத் தனித்தனியே கொடுத்த எலிகளுள் எது பிழைக்கிறது என்பதைக் கொண்டு நஞ்சின் வகை தெரியவரும். கொடுமையான சோதனைதான், அதைப் பார்த்த எவருக்கும் பிடிப்பதில்லை. ஆயினும், தொழிற்படும் நஞ்சை உயிருள்ள நரம்பின்மேல் காட்டுவதால் அது இத்தனை காலம் அளவுகோலாக நின்றுள்ளது. அதற்குப் பதிலாக, பிறபொருளெதிரிகளைக் கொண்டு நஞ்சைக் கண்டுபிடிக்கும் எலிசா முறையும், நஞ்சு தன் இலக்குப் புரதத்தை வெட்டுகிறதா என்பதை, மூலக்கூறுகளின் திணிவை அளக்கும் திணிவு நிறமாலைமானியால் காணும் முறையும் வந்துவிட்டன என்பது மனதுக்கு ஆறுதலான செய்தி.

நஞ்சு கிடைக்கவில்லை என்றாலும் வித்தியைத் தேடி வளர்ப்புச் சோதனை தொடரும். வேகவைத்த இறைச்சித் துணுக்குகள் நிரம்பிய ஊடகம் ஒரு குழாயிலும், புரதச் சிதைபொருட்களும் குளுக்கோசும் ஈஸ்ட்டுச் சாறும் கலந்த ஊடகம் இன்னொரு குழாயிலும் இருக்கும். பயன்படுத்துவதற்குச் சற்று முன்னர் இரண்டையும் கொதிக்கவைத்து ஆறவிடுவார்கள். கரைந்திருக்கும் ஒட்சிசனை விரட்டுவதற்காகவே இந்த வேலை. உணவை மேலே தூவாமல், குழலியை அடிவரை இறக்கி மெதுவாக விட வேண்டும். ஒன்றை 35 பாகையிலும் மற்றதை 28 பாகையிலும் ஐந்து நாட்கள் வைத்தபின், கலங்கலும் வாயுக்குமிழியும் இறைச்சி கரைந்த தடயமும் உள்ளனவா என்று பார்ப்பார்கள். அதிலிருந்து முட்டைக்கருவைக் கலந்த ஏகார்த் தட்டில் கீறி, காற்றில்லாச் சாடியில் வளர்த்தால், குடித்தொகுதிகளைச் சுற்றி எண்ணெய் படர்ந்ததுபோன்ற வானவில் மினுக்கம் தோன்றும். அதைக் கண்டவுடன் முடிவு கட்டக்கூடாது. நஞ்சே சுரக்காத குளொஸ்ட்ரிடியம் ஸ்போரோஜீனஸும் அதே மினுக்கத்தைக் காட்டும். ஆகவே வளர்ப்பிலிருந்து மீண்டும் நஞ்சுச் சோதனைக்கோ, நஞ்சு மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கோ போகத்தான் வேண்டும். பி.சி.ஆர். சில மணி நேரத்தில் விடை தரும். ஆனால் அது காட்டுவது மரபணுவை மட்டுமே. மரபணு இருந்தும் நஞ்சு உண்டாகாமலிருக்கலாம். பற்றீரியா அகன்றுவிட்ட வடிநீரில் நஞ்சு மட்டும் எஞ்சியிருக்கவும் கூடும்.

உயர்தர வகுப்பு மாணவர்கள் சிலர், பாடசாலைச் செயற்றிட்டமாக வாவிச் சேற்றில் இதைச் செய்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். செய்யவே கூடாது. வளர்ப்புக் குழாய் ஒன்றின் திரவத்தில் ஒரு குடும்பத்துக்குப் போதுமான நஞ்சு இருக்கக்கூடும். அதைக் கையாளும் அனுமதியும் பாதுகாப்புப் பெட்டகமும் பயிற்சியும் உள்ள இடங்களில் மட்டுமே இந்த வேலை நடக்க வேண்டும்.

இனி, இத்தனை பாடுபட்டு வந்த அறிக்கை “காணப்படவில்லை” என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எதைப் பற்றிச் சொல்கிறது? ஒரு தொகுதியில் நூறு போத்தலுக்கு ஒன்று வீதம் கெட்டிருக்கிறது என்று கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பத்துப் போத்தல்களை எடுத்துச் சோதித்தால், பத்தும் நல்லவையாகவே அகப்படுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 90 வீதம். கெட்டதில் ஒன்றையேனும் பிடிப்பதற்கு 95 வீத உறுதி வேண்டுமானால் 299 போத்தல்களைத் திறக்க வேண்டும். திறந்ததை விற்க முடியாது. நூறுக்கு ஒன்று என்பதே ஏற்கத்தகாத அளவு. ஆயிரத்துக்கு ஒன்று என்றால் ஏறத்தாழ மூவாயிரம் போத்தல்கள் தேவைப்படும். களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து இறால் போத்தலோடு வந்த ஒரு சகோதரி, “சேர், கிருமி இல்லெண்டு ஒரு கடிதம் இருந்தா கடைக்காரர் எடுப்பாங்க” என்றார். “கடிதம் வந்தாலும் தங்கச்சி, அது நீங்க அனுப்பின போத்தலுக்குத்தான். கடைக்குப் போற போத்தலுக்கு இல்ல” என்றேன். அவர் சோர்ந்துபோகவில்லை, “அப்ப எதப் பாக்கணும்?” என்று கேட்டார். அன்றைய உரையாடல் உருப்பட்டது அந்தக் கேள்வியால்தான்.

பார்க்க வேண்டியது புளிப்பை. பி.எச். பெறுமானம் 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இந்த வித்தி முளைத்து நஞ்சாக்குவதில்லை. தேசிக்காய் ஊறுகாய் அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கும். அவருடைய இறாலோ எண்ணெயில் மூழ்கி, உள்ளியும் மிளகாயும் சேர்ந்து, புளிப்பென்று ஒன்றும் இல்லாமல் இருந்தது. எண்ணெயை வடித்துவிட்டு, இறாலை மட்டும் அம்மியில் மைபோல அரைத்து, சிறிது வடிநீர் விட்டு, 4க்கும் 7க்கும் சரிபார்த்த மானியை அதில் வைத்தோம். வாசிப்பு 6ஐத் தாண்டி நின்றது. எண்ணெய் மானியின் முனையில் படிந்தால் பொய் வாசிப்பு வரும் என்பதால் வடிப்பதில் பொறுமை வேண்டும். சுற்றியுள்ள சாற்றை அளந்து திருப்திப்படுவதும் தவறு. புளிப்பு துண்டின் நடுவரை ஊற நேரம் பிடிக்கும், ஆகையால் ஒரு நாள் கழிந்தபின் திண்மத்தையே அரைத்து அளக்க வேண்டும். அடுத்த முறை அவர் பொரித்த இறாலை வினாகிரியிலும் கொறுக்காயிலும் ஊறவைத்துக் கொண்டுவந்தார். சுவை மாறிவிட்டதே என்ற கவலை அவருக்கு. எனக்கோ அந்தச் சுவை பிடித்திருந்தது, எண்ணும் 4.6க்குக் கீழே இறங்கியிருந்தது.

எண்ணெய் உணவைக் காக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமானது. அது பூஞ்சணத்தைத் தடுக்கும், காற்றையும் தடுக்கும், காற்றைத் தடுப்பதே இந்தப் பற்றீரியாவுக்கு வேண்டிய உதவி. 1985இல் கனடாவின் வன்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயிலிட்ட நறுக்கிய உள்ளியால் 36 பேர் நோயுற்றனர். அந்தப் போத்தல் குளிரில் வைக்கப்படாமல் வெளியே இருந்தது. நமது குசினிகளில் நசுக்கிய உள்ளியை எண்ணெயில் போட்டு அலுமாரித் தட்டில் வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நான் சொல்லாமல் இருப்பதில்லை: அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு நசுக்குங்கள்.

கருவாட்டுக்கு உப்பும் உலர்ச்சியும் காவல். உணவிலுள்ள நீரில் கரைந்த உப்பு 10 வீதத்தை எட்டினால், அல்லது கிருமிக்குக் கிடைக்கும் ஈரத்தைக் காட்டும் நீர்ச் செயற்பாடு என்ற அளவு 0.94க்குக் கீழே போனால், இந்தப் பற்றீரியா வளராது. உப்பேறி நன்றாகக் காய்ந்த கருவாடு 0.75ஐ ஒட்டி நிற்கும். ஆபத்து உப்பு போய்ச் சேருமுன் இருக்கிறது. 1991இல் எகிப்தில், நமது வாவியிலும் அகப்படும் மணலை மீனைக் குடல் எடுக்காமல், உப்பிடுமுன் வெறுமனே கிடக்கவிட்டுச் செய்த ‘ஃபெசீக்’ என்ற உணவால் 91 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். 18 பேர் இறந்தார்கள். குடலில் விழித்த வித்தி, உப்பு உள்ளே ஊறுவதற்குள் தன் வேலையை முடித்துவிட்டது. மழைக்காலத்தில் கருவாட்டை அரைகுறையாகக் காயவைத்துப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டுவதும் அதே வழியில்தான் கொண்டுபோய் விடும். குடலெடுத்து, வகிர்ந்து, உடனே உப்பிடும் நமது பழைய வழக்கத்தைக் கைவிடாதிருந்தாலே பாதிக் கவலை தீரும்.

புளிப்போ உப்போ இல்லாத மீன் ஆணத்தையோ பலாக்காய்க் கறியையோ போத்தலில் அடைத்து வெளியே வைக்க விரும்புபவருக்கு எஞ்சியிருப்பது வெப்பம். போத்தலின் நடுவில் 121 பாகை செல்சியஸ் 3 நிமிடங்கள் நிற்க வேண்டும். தாச்சியிலோ கிடாரத்திலோ எத்தனை மணி நேரம் கொதித்தாலும் 100 பாகையைத் தாண்டாது. மற்றக் கிருமிகளைக் கொன்று, காற்றையும் விரட்டி, இந்த ஒரு வித்திக்கு இடத்தை ஒழித்துக் கொடுப்பதே அதனால் ஆகும் பலன். வீட்டுப் பிரஷர் குக்கரின் ஆவி அந்த வெப்பத்தை நெருங்கினாலும், கெட்டியான கறி நிரம்பிய போத்தலின் நடுப்பகுதி நெருங்கியதா என்பதை உள்ளே வெப்பமுணரி வைத்து அளக்காமல் சொல்ல முடியாது. அளக்க வசதியில்லாதவர் அந்த வகை உணவைப் போத்தலில் அடைத்து விற்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உறைகுளிரில் வைத்து விற்கலாம்.

தேனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மகாஓயாப் பக்கத்துக் காட்டுத்தேன் நம் வீடுகளில் மதிப்போடு வைக்கப்படுவது. பிறந்த குழந்தையின் நாவில் அதைத் தொட்டு வைக்கும் வழக்கமும் சில குடும்பங்களில் தொடர்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் வித்தி முளைத்து அங்கேயே நஞ்சாக்கும் என்பது 1976இல் கலிபோர்னியாவில் தெரியவந்தது. தேனைச் சோதிக்கலாம், நீரில் கரைத்து, மையநீக்கியில் சுழற்றியோ நுண்வடியில் வடித்தோ வித்திகளைத் திரட்டி வளர்ப்பார்கள். ஆனால் ஒரு போத்தல் தேனில் விரல்விட்டு எண்ணக்கூடிய வித்திகளே இருக்கலாம், அவை சோதனைக்கு எடுத்த 25 கிராமில் இல்லாமற் போகலாம். ஆதலால் தூய தேனா, கலப்படத் தேனா, சோதித்த தேனா என்ற பேச்சே வேண்டாம். ஒரு வயது முடியும்வரை குழந்தைக்குத் தேன் கொடுக்க வேண்டாம்.

ஆய்வுகூடச் சோதனை தன் முழுப் பயனைத் தருவது ஒருவர் நோயுற்ற பின்னர்தான். உண்டு பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள், சிலவேளைகளில் பல நாட்கள் கழித்தும், பார்வை இரட்டையாகும், இமை தானாகக் கீழிறங்கும், வாய் உலரும், நா குழறும், விழுங்க முடியாமற் போகும், தளர்ச்சி தலையிலிருந்து கீழ்நோக்கி இறங்கி மூச்சுத் தசைகளை எட்டும். காய்ச்சல் இராது, நினைவு தெளிவாக இருக்கும். வயல் சூழ்ந்த நமது ஊர்களில் இமை இறங்கிய நோயாளியைக் கண்டதும் வைத்தியர் முதலில் கட்டுவிரியன் கடியை நினைப்பார், அது நியாயமும்கூட. பாயில் தூங்குபவரைக் கடிக்கும் அந்தப் பாம்பின் கடி பெரும்பாலும் வலி இல்லாதது, தடயமும் தெரியாதது. ஆகவே என்ன உண்டார், எந்தப் போத்தலிலிருந்து உண்டார், கூட உண்டவர் யார் என்பதை வீட்டார் கேட்காமலே சொல்ல வேண்டும். முறிமருந்து ஏற்றுமுன் இரத்த மாதிரி எடுக்கப்பட வேண்டும், மலமும் வேண்டும், ஆனால் சோதனை முடிவுக்காகச் சிகிச்சை ஒரு மணி நேரமும் காத்திருக்கக்கூடாது.

மீந்த உணவைப் பயத்தில் கொட்டிவிட்டு, சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. அதோடு சாட்சியும் போய்விடுகிறது. யாரும் வாயில் வைத்துச் சுவைத்துப் பார்க்காமல், உணவை அது இருந்த பாத்திரத்தோடே மூடி, இரண்டு பைகளில் இட்டுக் கட்டி, “தொடாதீர்கள்” என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், உறையவைக்க வேண்டியதில்லை. அதே தொகுதியில் திறக்காத போத்தல்கள் இருந்தால் அவையும், போத்தலின் பெயர்ச்சீட்டும், வாங்கிய கடையின் பற்றுச்சீட்டும் வேண்டும். பிறகு உங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள்; பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து அவற்றைப் பொறுப்பேற்று, முத்திரையிட்டு, குளிர்ப்பெட்டியில் அனுப்பிவைப்பார். அதே உணவு வேறு வீடுகளுக்கும் போயிருந்தால் அந்த முகவரிகளையும் அப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த வீடுகளில் இன்னும் உண்ணாதவர்கள் இருக்கலாம்.